உடம்புக்கு ஒரு கிழமை, மனசுக்கு ஒரு நிமிடம்

(யாழ்ப்பாணக் கடற்கரைக் கிராமம் ஒன்றின் சனசமூக நிலையத்தில், படம் காட்டிய மறுவாரம் பேசியது)

வணக்கம். தலைவர் எனக்கு இருபது நிமிடம் தந்திருக்கிறார். போன ஞாயிற்றுக்கிழமை இதே மண்டபத்தில் 134 நிமிடப் படத்தை நீங்கள் மூன்றரை மணித்தியாலம் இருந்து பார்த்தீர்கள். ஆங்கிலப் படம், கீழே தமிழ் எழுத்தும் இல்லை. நம்முடைய கம்பஸ் தம்பி, பல்கலைக்கழகத்தில் படிப்பவர், நிறுத்தி நிறுத்தி மைக்கில் கதை சொன்னார். பயப்பட வேண்டிய இடத்திலெல்லாம் திரை அசையாமல் நின்றது, நீங்கள் பிளேன்ரீ குடித்தீர்கள். திகில் படம் பார்க்க இதைவிட மோசமான வழி கிடையாது. ஆனால் ஒன்று, நிறுத்திய ஒவ்வொரு முறையும் உங்களில் யாராவது ஏதாவது சொன்னீர்கள். நான் அவற்றை என் கொப்பியில் குறித்து வைத்தேன். இன்றைக்குப் பேசப்போவது அதைத்தான்.

படத்தின் பெயர் 'ஸ்ஃபியர்', கோளம். ஜுராசிக் பார்க் எழுதிய மைக்கேல் கிரைக்டனின் 1987 நாவல். பரி லெவின்சன் இயக்கி 1998 பெப்ரவரியில் வெளிவந்தது. டஸ்டின் ஹொஃப்மன், ஷரன் ஸ்டோன், சாமுவேல் எல். ஜாக்சன் என்று பெரிய ஆட்கள். ஏழெட்டுக் கோடி டொலர் செலவழித்து எடுத்த படம், அமெரிக்கத் தியேட்டர்களில் நான்கு கோடியைக்கூட எட்டவில்லை. அந்த வருடம் நாங்கள் இங்கே கடலுக்குப் போகப் பாஸ் எடுத்துக்கொண்டிருந்தோம். ஹொலிவூட்டில் எது ஓடியது, எது படுத்தது என்று யாருக்குத் தெரியும்? யுத்தத்தால் மூடிக்கிடந்த ஏ9 வீதி 2002இல் திறந்த பிறகு கொழும்பிலிருந்து வந்த ஒரு வீசிடியில்தான் நான் பார்த்தேன். இரண்டு தட்டு. இரண்டாம் தட்டு கடைசி இருபது நிமிடத்தில் கீறல் விழுந்து நின்றுவிட்டது. முடிவு தெரியாமலே பல வருடம் "அருமையான படம்" என்று ஊரெல்லாம் சொல்லித் திரிந்திருக்கிறேன். போன ஞாயிறுதான் எனக்கும் முடிவு தெரியும்.

பசிபிக் கடலடியில், ஆயிரம் அடி ஆழத்தில் ஒரு விண்கலம் கிடக்கிறது. மேலே வளர்ந்திருக்கும் பவளப்பாறையைக் கணக்குப் பார்த்தால் ஏறத்தாழ முந்நூறு வருடப் பழசு. வேற்றுக்கிரகக் கலம் என்று உள்ளே போனால் அமெரிக்கக் கலம், எதிர்காலத்தில் இருந்து பின்னோக்கி வந்து விழுந்தது. அதற்குள் ஒரு பொன்னிறக் கோளம். அதற்குள் போய் வந்தவருக்கு, நினைப்பது நடக்கும். பிரச்சினை என்னவென்றால் மனிதர் தண்ணீருக்கடியில் இருந்துகொண்டு நல்லதையா நினைப்பார்கள்? ஒருவருக்குப் பாம்பு, ஒருவருக்கு இராட்சதக் கணவாய். கணவாய் என்றதும் பின்வரிசையில் ஒருவர் "கறிக்கு எத்தனை நாளைக்குக் காணும்" என்று கேட்டார். மண்டபமே சிரித்தது. தம்பி பாவம், அந்தக் காட்சியைத் திருப்பிப் போடவேண்டி வந்தது.

இதில் வரும் உளவியலாளர், வேற்றுக்கிரகவாசிகளைச் சந்தித்தால் என்ன செய்வது என்று முன்பொருகால் அரசாங்கத்துக்கு அறிக்கை எழுதிக் கொடுத்தவர். காசுக்காக எழுதியது, பாதி விஞ்ஞானக் கதைகளில் இருந்து சுட்டது. ஒருநாள் அந்த அறிக்கையை நம்பி ஆளையே கடலுக்குள் இறக்கிவிடுகிறார்கள். அறிக்கைகளோடு கொஞ்சம் பழகிய நமக்கு இந்த இடம் நன்றாகவே விளங்கியது.

இனி கொப்பிக்கு வருகிறேன். அதிகம் வந்த முறைப்பாடு, கணவாயை முழுசாய்க் காட்டவில்லை என்பது. "இவ்வளவு காசு செலவழிச்சு ரேடார் திரையில புள்ளியைக் காட்டுறாங்கள்" என்று ஒரு பெடியன் கொதித்தான். அமெரிக்காவிலும் இதையேதான் குறைசொன்னார்கள். எனக்கு இதில் உடன்பாடில்லை. காட்டியிருந்தால் அது இன்னுமொரு மிருகப் படம். வெளியே என்னமோ மோதுகிறது, உள்ளே விளக்கு அணைந்து அணைந்து எரிகிறது. அதுவே காணும்.

இரண்டாவது, பாம்பு. உளவியலாளர் படுக்கையில் கடற்பாம்புகள் நெளிகிற காட்சியில் வலை இழுக்கும் அண்ணர் ஒருவர் எழும்பி நின்றே சொன்னார்: "தம்பி, கடல்பாம்பு மூச்செடுக்க மேல வரவேணும். ஆயிரம் அடிக்குக் கீழ நிண்டு அது என்ன செய்யும்?" கடற்பாம்புக்குச் செவுள் இல்லை, நுரையீரல்தான். இந்தப் பிழையைப் பிடிக்கக் கடலில் உழைத்தவர் வேண்டும். ஆனால் அவர் இருக்கையில் இருந்த பிறகு, கொஞ்சம் யோசித்துவிட்டு இன்னொன்று சொன்னார்: "அப்ப அது பாம்பில்லை. அந்தாள் நினைச்சதுதான்." கோளம் என்ன செய்கிறது என்று படம் சொல்வதற்கு முன்னமே கண்டுபிடித்தவர் அவர்தான்.

மூன்றாவது, முடிவு. இங்கேதான் மண்டபம் இரண்டாகியது.

அதற்கு முன் ஆழத்தைக் கொஞ்சம் அளந்து காட்ட வேண்டும். நாம் கால் வைக்கும் பாக்குநீரிணைக் கடல் பெரும்பாலும் பதினைந்து மீற்றரைத் தாண்டாது. மன்னார்ப் பக்கத்து முத்துக்குளிப்பும் ஐந்து பாகம், பத்துப் பாகம்; ஒரு பாகம் என்றால் ஆறடி. படம் நடப்பது நூற்றறுபது பாகத்துக்கும் கீழே. பத்து மீற்றருக்கு ஒரு வளிமண்டல அழுத்தம் கூடும், ஆகவே அங்கே நம் தலைக்கு மேல் இருப்பதைப்போல முப்பது மடங்குக்கு மேல். அந்த அழுத்தத்தில் சாதாரணக் காற்றைச் சுவாசித்தால் அதிலுள்ள நைதரசன் மூளையைக் கள்ளுக் குடித்த மாதிரி ஆக்கிவிடும். அதனால் ஹீலியம் கலப்பார்கள். ஹீலியத்தில் குரல் வாத்துக் குரல். 1965இல் அமெரிக்கக் கடற்படையின் கடலடி ஆய்வுக்கூடமான சீலாப் 2இல் ஸ்கொட் கார்பென்டர், விண்வெளிக்கும் போய்வந்தவர், முப்பது நாள் கடலடியில் இருந்தார். மேலே வந்து அழுத்த அறைக்குள் இருந்தபடி ஜனாதிபதி ஜோன்சனோடு தொலைபேசியில் பேசினார், அதே வாத்துக் குரலில். மிகுந்த மரியாதையோடு பேசுகிறார், கேட்பவர்களுக்குச் சிரிப்பை அடக்க முடியாது. ஹொஃப்மனை இரண்டு மணித்தியாலம் அப்படிப் பேசவிட முடியுமா? படம் அதை நைசாகக் கடந்துவிடுகிறது.

நான் இதை ஏன் இழுக்கிறேன் என்றால், ஆயிரம் அடியில் இருந்த உடம்பை நினைத்தவுடன் மேலே கொண்டுவர முடியாது. இரத்தத்தில் கரைந்த வாயு மெல்ல மெல்ல வெளியேற வேண்டும், ஒரு கிழமைக்கு மேல் எடுக்கும். அவசரப்பட்டால் குமிழியாகி மூட்டைப் பிடிக்கும், முள்ளந்தண்டைப் பிடித்தால் ஆள் கிடைதான். படத்தில் தப்பிய மூன்றுபேரும் கடைசியில் அப்படியொரு அழுத்த அறைக்குள்தான் இருக்கிறார்கள். அங்கே இருந்துகொண்டு, நினைத்தது நடக்கும் இந்தச் சக்தி மனிதருக்கு ஆகாது, கடைசியாக ஒருமுறை பாவித்து எல்லாவற்றையும் மறந்துவிடுவோம் என்று கைகோக்கிறார்கள். மறந்துவிடுகிறார்கள். கோளம் கடலைப் பிளந்துகொண்டு வானத்துக்குப் போகிறது.

கம்பஸ் பிள்ளைகளுக்கு இது பிடித்திருக்கிறது. அவர்கள் சொல்லும் நியாயம் பலமானது. எதிர்காலத்தில் இருந்து வந்த கலத்தின் பதிவில், தனக்கு என்ன நடந்தது என்பது 'தெரியாத நிகழ்வு' என்று இருக்கிறது. இவர்கள் தப்பிப்போய் உலகத்துக்குச் சொல்லியிருந்தால் அது தெரிந்த நிகழ்வாக அல்லவா இருக்கும்? ஆகவே ஒருவரும் தப்பவில்லை என்று, உளவியலாளரோடு கூட இறங்கிய கணித மேதை நடுப்படத்திலேயே சொல்லிவிடுகிறார். தப்பவும் வேண்டும், சொல்லவும் கூடாது என்றால் மறதி ஒன்றுதான் வழி. கணக்குச் சரி. ஒரு பிள்ளை இதைக் கரும்பலகையில் அம்புக்குறி போட்டே காட்டினாள்.

ஆனால் முன்வரிசையில் இருந்த ஒரு அம்மா அந்த அம்புக்குறிகளைப் பார்த்துவிட்டு, சத்தமில்லாமல், "கையைப் பிடிச்சா மறந்து போகுமோ, பிள்ளை?" என்று மட்டும் கேட்டார். பிறகு ஒருவரும் பேசவில்லை. தம்பி புரொஜெக்டரை நிறுத்தினார்.

நான் அந்த அம்மாவின் பக்கம். உடம்பு மேலே வர ஒரு கிழமை வேண்டும் என்று ஒத்துக்கொள்ளும் கதை, மனசுக்கு ஒரு நிமிடம் கொடுக்கிறதே, அதைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை. கூட்டாளிகள் கண்முன்னே செத்திருக்கிறார்கள், அதிலும் தங்கள் நினைப்பாலேயே. அதற்கு ஒரு செலவும் இல்லையா?

நம் கடலில் பயத்தை வேறு மாதிரிக் கையாண்டிருக்கிறார்கள். முத்துக்குளிப்பில் கடல்கட்டி என்று ஒருவர் இருந்தார். சுறா வாயை மந்திரத்தால் கட்டுபவர். அவர் கரையில் நின்றால்தான் குளியாட்கள் கல்லைக் கட்டிக்கொண்டு இறங்குவார்கள். ஆங்கிலேய அரசாங்கம்கூட அவருக்குச் சம்பளம் கொடுத்தது. மந்திரத்தை நம்பியல்ல, அவர் இல்லாவிட்டால் ஆட்கள் இறங்கமாட்டார்கள், வருமானம் போய்விடும். 13ஆம் நூற்றாண்டின் கடைசியில் இந்தப் பக்கம் வந்த மார்க்கோ போலோ, அகப்படும் முத்தில் இருபதில் ஒரு பங்கு இப்படிக் கட்டுபவர்களுக்குப் போகும் என்று எழுதுகிறார். இன்னொன்றும் எழுதுகிறார், எனக்கு மிகப் பிடித்தது அது: கட்டு பகலுக்கு மட்டும்தான். இரவானால் அவிழ்த்துவிடுவார்கள். களவாய்க் குளிக்க வருபவனுக்குப் பயம் இருக்க வேண்டுமே என்பது அவர் சொல்லும் காரணம்.

படம் முடிந்து அன்றைக்குக் கூட்டம் கலைந்த பிறகு, இரவில் லைற் அடித்துக் கடலட்டை பிடிக்கும் ஒருவரைக் கேற்றடியில் மறித்துக் கேட்டேன். நீங்கள் எப்படி மறக்கிறீர்கள் என்று. "மறக்கிறதில்லை மாஸ்ரர். லைற் வட்டத்துக்கு அங்கால என்ன நிக்குதெண்டு யோசிச்சா அண்டைக்கு உழைப்பில்லை. கரைக்கு வந்து குளிச்சுச் சாப்பிட்டுப் படுத்தாப் பிறகு யோசிப்பன். சில நாள் விடியும்வரைக்கும்."

பிறகு மோட்டார் சைக்கிளை உதைத்துக்கொண்டே சொன்னார்: "அடுத்த முறை நிப்பாட்டாமப் போடச் சொல்லுங்கோ. கதை விளங்காட்டியும் பறவாயில்லை, கொஞ்சம் பயப்பிடவேணும்."