உங்கள் தலைக்கு மேல் 2 டன் கார்! அதை உண்மையில் தாங்குவது எது?

[காட்சி: லிஃப்டில் நிற்கும் பிக்கப் வண்டி, அடியில் ஒருவர்]

2 டன்னுக்கு மேல் எடையுள்ள ஒரு பிக்கப் வண்டி. அதை ஆறடி உயரத்துக்குத் தூக்கி வைத்துவிட்டு, அடியில் நின்று ஒருவர் நிதானமாக கியர் ஆயில் மாற்றுகிறார். இடம் சர்வீஸ் சென்டர் இல்லை, அமெரிக்காவில் அவருடைய வீட்டு கராஜ். சரி, ஒரு கேள்வி. அந்த வண்டியைத் தாங்கி நிற்பது எது? லிஃப்ட் என்று சொன்னால் பாதி மார்க்தான் தருவேன். மீதி மார்க் தரைக்கு.

பின்னணியை வேகமாக முடித்துவிடுகிறேன். அமெரிக்காவில் மெக்கானிக்கின் மணிக்கூலி அதிகம், தனி வீடுகளில் இடமும் அதிகம், லிஃப்ட் சில ஆயிரம் டாலருக்குக் கிடைக்கிறது. அதனால் பழைய கார் பைத்தியங்கள் வீட்டிலேயே ஒர்க்‌ஷாப் கட்டிக்கொள்கிறார்கள். அவ்வளவுதான் பின்னணி.

[காட்சி: சலூன் நாற்காலி]

இப்போது எனக்குப் பிடித்த இடம். இந்த லிஃப்ட் எங்கிருந்து வந்தது தெரியுமா? முடிவெட்டும் கடையிலிருந்து! டென்னசி மாநிலத்தின் மெம்ஃபிஸ் நகரத்தில் பீட்டர் லுனாட்டி என்று ஒரு மெக்கானிக். சலூன் நாற்காலி மேலே போவதையும் சுற்றுவதையும் பார்த்து, 'ஆளைத் தூக்குவது காரைத் தூக்காதா?' என்று யோசித்தார் என்பது அந்தத் தொழிலில் பரம்பரையாகச் சொல்லப்படும் கதை. 1925-இல் அவர் தொடங்கிய கம்பெனிக்கு ரோட்டரி லிஃப்ட் என்று பெயர். அந்த முதல் லிஃப்டில் கார் மேலே போனதோடு சுற்றவும் செய்தது, அதனால்தான் ரோட்டரி. அந்தக் கம்பெனி இன்றும் இருக்கிறது.

தரையிலிருந்து ஒற்றைத் தூணாக எழும்பும் அந்த வகையை நீங்களும் பார்த்திருப்பீர்கள். நம் ஊர் வாட்டர் சர்வீஸ் கடைகளில் காரை உயர்த்தி அடிப்பக்கம் தண்ணீர் அடிப்பார்களே, அதே வம்சம். கணக்கும் அழகானது. அந்தத் தூண்தான் பிஸ்டன். அதன் விட்டம் 25 சென்டிமீட்டர் என்றால் பரப்பு சுமார் 490 சதுர சென்டிமீட்டர். ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 7 கிலோ அழுத்தம் கொடுத்தால் போதும், கிட்டத்தட்ட 3.4 டன் மேலே போகும். பள்ளிக்கூடத்தில் பாஸ்கல் விதியை இப்படிச் சொல்லிக் கொடுத்திருந்தால் கடைசி பெஞ்சும் தூங்கியிருக்காது.

வீட்டு கராஜில் அதிகம் பார்ப்பது இரண்டு தூண் லிஃப்ட், டூ போஸ்ட். 10,000 பவுண்டு தூக்கும் ரகம்தான் பலருடைய தேர்வு, நம் கணக்கில் நாலரை டன். இரண்டு தூண்களிலிருந்தும் கைகள் நீண்டு காரின் அடியைப் பிடிக்கும். இங்கேதான் தரை கதைக்குள் வருகிறது. ஒரு நிறைகுடத்தை இரண்டு கைகளையும் முன்னால் நீட்டிப் பிடித்துப் பாருங்கள். உடம்பு முன்னால் சாயும், குதிகால் தரையை விட்டுக் கிளம்பப் பார்க்கும். தூணுக்கும் அதேதான். காரின் எடை தூணை உள்பக்கம் சாய்க்கப் பார்க்கிறது, வெளிப்பக்கத்து போல்ட்டுகள் மேல்நோக்கி இழுபடுகின்றன. அதாவது கான்கிரீட்டின் மேல் பாரம் உட்கார்வது மட்டுமில்லை, கான்கிரீட்டையே யாரோ பிடுங்கப் பார்க்கிறார்கள்! கான்கிரீட்டுக்கு அழுத்தினால் கவலையில்லை. இழுத்தால்தான் பயம்.

அதனால்தான் குறைந்தது 4 அங்குல கனம், 3,000 பிஎஸ்ஐ வலிமை, அதாவது ஒரு சதுர அங்குலத்துக்கு 3,000 பவுண்டு அழுத்தம் தாங்கும் கான்கிரீட் என்று கேட்கிறார்கள். நம் ஊர் எம்25 கிரேடு கிட்டத்தட்ட அந்த அளவு. புதிதாகப் போட்ட தரை என்றால் 28 நாள் காத்திருக்க வேண்டும். தரையில் ஓட்டை போட்டு, முக்கால் அங்குல ஆங்கர் போல்ட்டை அடித்து இறக்கி, நட்டை முறுக்கினால் அதன் ஆப்பு விரிந்து ஓட்டையின் சுவரைக் கவ்விக்கொள்ளும். தரை மெலிதாக இருந்தால் போல்ட் உடையாது, அதைச் சுற்றியுள்ள கான்கிரீட்தான் கூம்பு மாதிரி பெயர்ந்து வரும். விரிசல் பக்கத்தில் போல்ட் அடிப்பதும் அதே ஆபத்துதான். 'பழைய தரை மேலே இன்னும் ரெண்டு அங்குலம் பூசிடலாமே' என்று ஒரு மேஸ்திரி சொல்வார். நம்பாதீர்கள். மேலே பூசியது வேறு, கீழே இருப்பது வேறு, இரண்டும் ஒரே கல்லாக வேலை செய்யாது. தூண் வரும் இடத்தைச் சதுரமாக வெட்டி எடுத்து, ஆழமாகப் புதிதாகப் போடுவதுதான் வழி.

[காட்சி: கராஜ் தரையில் அச்சிட்ட எச்சரிக்கை]

டெக்ஸாஸ் பக்கம் இன்னொரு வில்லங்கம். அங்கே பல வீடுகளின் தரைக்குள் எஃகு கேபிள்களை இழுத்து முறுக்கேற்றி வைத்திருப்பார்கள். டிரில் அதில் பட்டால் அடக்கி வைத்த அவ்வளவு விசையும் ஒரே நொடியில் அவிழும். கராஜ் தரையிலேயே 'வெட்டாதே, துளைக்காதே' என்று அச்சுக் குத்தியிருப்பார்கள். ஸ்கேன் செய்து கேபிள் எங்கே ஓடுகிறது என்று பார்க்காமல் அங்கே டிரில்லைத் தொடவே கூடாது.

அப்புறம் உயரம். கார் ஆறடி மேலே போகிறது, காரின் உயரம் கிட்டத்தட்ட ஐந்தடி. ஆக 11 அடி வேண்டும், எஸ்யூவி என்றால் 12-ஐத் தாண்டும். அமெரிக்க கராஜ் சீலிங் பெரும்பாலும் எட்டு, ஒன்பது அடிதான். லிஃப்ட் வந்து இறங்கிய பிறகு டேப் எடுத்து அளப்பவர்களும் உண்டு, அவர்களுக்காக ஒரு நிமிட மௌனம். பலகை பலகையாக மடிந்து மேலே போகும் கராஜ் கதவையும் மறந்துவிடாதீர்கள். கதவு திறந்திருக்கும்போது அது சீலிங்குக்குக் கீழே, சரியாக உங்கள் கார் வரும் இடத்தில் படுத்திருக்கும். கதவு ஓடும் தண்டவாளத்தை உயர்த்தி, கதவைத் திறக்கும் மோட்டாரைச் சுவரோரம் மாற்ற வேண்டும்.

'இவ்வளவு எதற்கு, காருக்கு அடியில் நின்று வேலை செய்யத் தரையில் ஒரு குழி வெட்டிக்கொள்ளலாமே' என்று கேட்பீர்கள். பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது. குழியில் போய்த் தேங்கும். அங்கே ஒரு பொறி போதும். வீட்டில் நான் குழிக்கு எதிர்க்கட்சி.

லிஃப்ட் ஏறும்போது டக், டக் என்று ஒரு சத்தம் வரும். அது பாதுகாப்பு லாக் ஒவ்வொரு படியாக விழும் சத்தம். வேண்டிய உயரம் வந்ததும் கொஞ்சம் கீழே இறக்கி, அந்த லாக்கின் மேல் எடையை உட்கார வையுங்கள். அப்போது ஹைட்ராலிக் குழாய் வெடித்தாலும் கார் அங்கேயே நிற்கும். இறக்காமல் அடியில் போனால், உங்கள் உயிர் எண்ணெய் கசியாமல் தடுக்கும் ஒரு ரப்பர் வளையத்தை நம்பி இருக்கிறது. இன்னொன்று, இன்ஜினையோ பின் ஆக்சிலையோ கழற்றினால் காரின் எடைமையம் நகர்ந்துவிடும். உயரமான ஸ்டாண்டை முட்டுக் கொடுத்துவிட்டுத்தான் போல்ட்டைத் தொட வேண்டும்.

நான்கு தூண் லிஃப்டுக்கு இந்தப் பிடுங்கல் தொல்லை குறைவு. காரை ஓட்டி மேலே ஏற்றி, கீழே இன்னொரு காரை நிறுத்திக்கொள்ளலாம். ஆனால் சக்கரம் மேடையில் நிற்பதால் பிரேக் வேலைக்குத் தனி ஜாக் வேண்டும். வேலை செய்ய டூ போஸ்ட், நிறுத்தி வைக்க ஃபோர் போஸ்ட், இது என் கட்சி. உங்கள் கட்சி எது என்று கமெண்டில் போடுங்கள், அடுத்த வீடியோவில் கம்ப்ரசரை எங்கே வைத்தால் பக்கத்து வீட்டுக்காரர் சண்டைக்கு வரமாட்டார் என்று பார்ப்போம்.