யட்சிக்கும் முனிக்கும் ஒரே பனை: எங்கள் ஊர் ஹாலோவீன்

வணக்கம் மக்களே! எல்லோரும் நல்லா இருக்கிறீர்களா? வீடியோ போட்டு ரொம்ப நாளாகிவிட்டது, தெரியும். சொல்ல நிறைய சேர்ந்து கிடக்கிறது. அதனால் இன்றைக்குப் பின்னணி இசை, டைட்டில் எதுவும் இல்லை. திண்ணையில் உட்கார்ந்து அப்படியே பேசிவிடுகிறேன்.

புதிதாக வந்திருப்பவர்களுக்கு ஒரு வரி. எங்கள் தோட்டம் பாலக்காடு மாவட்டத்தின் கிழக்கு ஓரத்தில், கொழிஞ்சாம்பாறைப் பக்கம் இருக்கிறது. வேலந்தாவளம் வழியே போனால் கோயம்புத்தூர், கோபாலபுரம் வழியே போனால் பொள்ளாச்சி. ரேஷன் கார்டு கேரளா. வீட்டில் பேச்சு தமிழ். பஸ்ஸில் மலையாளம். சந்தையில் இரண்டும் ஓடும்.

சரி, முதலில் வேலை விஷயம். நான் இப்போது ஓர் அக்ஷயா மையத்தில் இருக்கிறேன். தமிழ்நாட்டுக்காரர்களுக்கு இ-சேவை மையம் என்றால் புரியும். 2002இல் மலப்புறம் மாவட்டத்தில் தொடங்கியது, இன்றைக்கு கேரளா முழுக்க ஊருக்கு ஊர் இருக்கிறது. எங்கள் பகுதியில் வருகிறவர்களில் பாதிப் பேர் தமிழர்கள், படிவம் மலையாளத்தில் இருக்கும். அதைத் தமிழில் சொல்லிப் புரியவைப்பதுதான் என் வேலையில் பெரும்பகுதி. பென்ஷன் வாங்குகிற வயசானவர்கள் மஸ்டரிங் செய்ய, அதாவது உயிரோடு இருக்கிறோம் என்று ரேகை வைத்துப் பதிவு செய்ய, வருவார்கள். அன்றைக்கு ஒரு பெரியவர் வந்தார், வாழ்நாள் முழுக்க மரமேறிக் கள் இறக்கியவர். விரலை வைக்கிறார், மெஷின் எடுக்கவே இல்லை. அவர் கட்டைவிரலைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தேன். ரேகை என்று ஒரு கோடு கூட இல்லை. பாளை சீவியும் கயிறு பிடித்தும் வழுவழுவென்று தேய்ந்திருக்கிறது, ஓரத்தில் மட்டும் கத்தி பட்ட பழைய தழும்பு. கடைசியில் கண்ணை வைத்து எடுக்கிற கருவியில்தான் பதிவானது. "அப்போ கண்ணாவது மிச்சமிருக்குதுங்க அம்மிணி" என்று சொல்லிச் சிரித்தார். இந்த வேலை எனக்கு ரொம்பப் பிடித்திருக்கிறது, மக்களே. மனதாரச் சொல்கிறேன்.

கண் என்றதும் அமுச்சி. நிறைய பேர் விசாரித்திருந்தீர்கள். என் அம்மாவின் அம்மாவுக்கு கோயம்புத்தூரில் ஒரு கண்ணில் புரை எடுத்தாயிற்று. நல்லபடியாக முடிந்தது. சொட்டு மருந்து நேரத்துக்கு விட வேண்டும், குனியக் கூடாது, தலையில் தண்ணீர் ஊற்றக் கூடாது. கறுப்புக் கண்ணாடியோடு வாசலில் உட்கார்ந்து எல்லோரையும் வேலை வாங்குகிறார். கட்டு அவிழ்த்துக் கொஞ்ச நாள் கழித்து, வாய்க்கால் மேட்டைப் பார்த்து, "பனையோட கொண்டை தெரியுது கண்ணு, குருத்து கூடத் தெரியுது" என்றார். எத்தனை வருஷமாக அது அவருக்கு வெறும் கறுப்பாகத் தெரிந்ததோ! அந்தப் பனையைப் பற்றி அப்புறம் பேச வேண்டும்.

மற்றது எல்லாம் சின்னச் சின்ன விஷயம். செவலைப் பசு கன்று போட்டிருக்கிறது, கிடாரி. ஐப்பசி மழை மத்தியானத்துக்கு மேல் இடியோடு வருகிறது. கேரளா என்றால் எல்லோரும் அடைமழை என்று நினைக்கிறார்கள். எங்கள் ஓரம் காய்ந்த பூமி, பருத்தியும் கடலையும் விளைந்த மண். இந்த மழை எங்களுக்குப் பெரிய வரம்.

இனி ஹாலோவீன். எங்கள் தோழிகள் கூட்டத்தில் ஒருத்தி பெங்களூரில் ஐடி வேலை பார்க்கிறாள். அவள் ஆபீஸில் அக்டோபர் 31க்கு எல்லோரும் வேஷம் கட்டிக்கொண்டு வருவார்களாம். இந்த முறை லீவில் ஊரில் இருந்தாள். "நாமளே பண்ணலாம்" என்று கறுப்புத் தொப்பி ஒன்றையும் வாங்கி வந்துவிட்டாள். கூட நர்சிங் படிக்கிறவள், தமிழ் மீடியம் பள்ளியில் டீச்சராக இருக்கிறவள், பக்கத்துப் பாலக்காட்டுச் சித்தூர்க்காரி ஒருத்தி, அவள் மட்டும் மலையாளி. எல்லோரும் கல்லூரியில் ஒன்றாகப் படித்தவர்கள்.

எங்கே போவது என்று பேச்சு வந்தபோது டீச்சர்தான் சொன்னாள், "பேயைப் பார்க்கணும்னா மலம்புழா போவோம், அங்கே யட்சி இருக்கா." அவ்வளவுதான், முடிவாகிவிட்டது. பாலக்காட்டில் பஸ் மாறி ஏறினால் மலம்புழா பக்கம்தான். பூங்காவுக்குள் நுழைந்து நடந்தால், மரங்களுக்கு நடுவே அவள் உட்கார்ந்திருக்கிறாள். காலை விரித்து, கூந்தலுக்குள் கைகளை விட்டு, முகத்தை வானத்துக்குத் தூக்கி, கண் பாதி மூடி. உடம்பில் துணி இல்லை. சுமார் 30 அடி உயரம், கான்கிரீட்டில் செய்தது. 1969இல் கானாயி குஞ்ஞிராமன் செய்தார். சென்னை ஓவியக் கல்லூரியில் படித்தவர் அவர், அப்போது வயது முப்பதைத் தாண்டியிருந்தது, அவ்வளவுதான். நிர்வாணச் சிலை பொது இடத்தில் வைப்பதா என்று அன்றைக்கு எதிர்ப்பெல்லாம் கிளம்பியிருக்கிறது. அவர் விடவில்லை.

சின்ன வயதில் பள்ளியில் டூர் கூட்டிப் போனபோது, இந்தச் சிலை பக்கம் வந்ததும் "தலையைக் குனிஞ்சு நடங்க" என்று சொல்லித்தான் எங்களைக் கடத்திப் போனார்கள். இந்த முறை நாங்கள் காலடியில் உட்கார்ந்து நிமிர்ந்து பார்த்தோம். முழங்காலில் மழைநீர் வழிந்த கறை. பின்னால் மேற்கு மலை, மேகம் இறங்கிக் கிடக்கிறது. எனக்கு ஒன்று பட்டது: அவள் யாரையும் பயமுறுத்த உட்கார்ந்திருக்கவில்லை. யாரும் பார்க்கிறார்களே என்ற நினைப்பே அவளுக்கு இல்லை. பேய் என்று பேர் வைக்கப்பட்ட ஒரு பெண்ணை இவ்வளவு மரியாதையாக வேறு எங்கேயும் நான் பார்த்ததில்லை. நர்சிங் தோழி ரொம்ப நேரம் எதுவும் பேசவில்லை. "இவ மேல யாராவது துணி போத்தணும்னு சொன்னா நான் சண்டைக்குப் போவேன்" என்று மட்டும் சொன்னாள். நானும் போவேன்.

அணையையும் பார்த்தோம். அதைத் திறந்து வைத்தவர் காமராஜர், 1955 அக்டோபரில். அப்போது மலபார் மாவட்டம் மதராஸ் மாநிலத்தில் இருந்தது. அடுத்த வருஷம் நவம்பர் 1இல் கேரளா பிறந்தது. எங்கள் சித்தூர்ப் பக்கம் அதற்கு முன்னால் கொச்சி ராஜ்யத்தில் இருந்தது. கோடுகள் எத்தனை தடவை மாறியிருக்கின்றன பாருங்கள். சுற்றி முடித்து மீன் வறுவல், கப்பை (மரவள்ளிக்கிழங்கு) சாப்பிட்டுவிட்டு மழைக்கு முன்னால் பஸ் ஏறினோம்.

பொழுது சாயும்போது எங்கள் வீடு. அரசாணிக்காய், அதாவது மஞ்சள் பூசணி, வெட்டும் வேலை. படங்களில் வருகிற மாதிரி பளபளவென்ற ஆரஞ்சுக் காய் வேலந்தாவளம் சந்தையில் கிடைக்காது. எங்கள் காய் வரி வரியாக, பழுப்பும் பச்சையும் கலந்து, தோல் கட்டையாக இருக்கும். காம்பைச் சுற்றி அரிவாள் முனையால் வட்டமாகக் கீறி மூடியை எடுத்தோம். உள்ளே கை விட்டால் ஜில்லென்று நார், நாருக்குள் வழுக்கி ஓடுகிற விதை. அமுச்சி ஒரு விதையைக் கூடக் கீழே போட விடவில்லை. முறத்தில் வாங்கி, சாம்பலில் புரட்டி, தை மாசம் போட வேண்டும் என்று எடுத்து வைத்தார். சதையை இரும்புக் கரண்டியால் சுரண்டி இரண்டாகப் பிரித்தோம். ஒரு பங்கு அமுச்சி சொல்லச் சொல்லத் தேங்காய்ப்பூ போட்டுப் பொரியல். இன்னொரு பங்கு சித்தூர்த் தோழி வன்பயறு சேர்த்து எரிசேரி, கேரளாக் கூட்டு மாதிரி. கண், மூக்கு, பல் வெட்டி உள்ளே தீபாவளி அகல் ஒன்றை வைத்தோம். வீட்டில் யாராவது செய்தால் ஒன்று கவனியுங்கள்: மூடியிலும் சின்ன ஓட்டை போட வேண்டும். இல்லையென்றால் விளக்கு புகைந்து அணைந்துவிடும். ஓட்டை போட்டால் மூடி லேசாகக் கருகி, சுட்ட காய் வாசனை வீடு முழுக்க வரும்.

அயர்லாந்தில் முதலில் இதை டர்னிப் கிழங்கில்தான் செதுக்கினார்களாம். கோடை முடிந்து குளிர் தொடங்குகிற இரவில் இறந்தவர்கள் திரும்பி வருவார்கள் என்று ஒரு பழைய நம்பிக்கை. அங்கிருந்து அமெரிக்காவுக்குக் குடிபோனவர்கள் கைக்குக் கிடைத்த பெரிய பூசணிக்கு மாறினார்கள். நம் அரசாணிக்காயும் அமெரிக்காவிலிருந்து கப்பலில் வந்த செடிதான். நவம்பர் 1 கிறிஸ்தவர்களுக்குச் சகல புனிதர்கள் நாள், 2 கல்லறைத் திருநாள். சகல புனிதர்கள் நாளுக்கு முந்தின இரவுதான் ஹாலோவீன். இதை அமுச்சியிடம் சொன்னதும், "நம்ம அமாவாசைக்கு சோறு வைக்கிற மாதிரிதானே சாமி" என்று அவர் அதற்கு ஓர் இடம் கொடுத்துவிட்டார்.

பக்கத்துத் தோட்டத்துப் பிள்ளைகள் விளக்கைப் பார்த்து ஓடி வந்தார்கள். கடலை மிட்டாய் கொடுத்தோம், தொப்பியை ஆளுக்கொரு தடவை போட்டுப் பார்த்தார்கள். அப்புறம் கரண்ட் போனது, மழைக்கு வழக்கம்போல. அரசாணிக்காய் வெளிச்சம் மட்டும். அமுச்சி தானாகவே ஆரம்பித்தார். நான் வீடியோ எடுத்துக்கொண்டே இருந்தேன்.

"எங்க ஐயன் வண்டி கட்டிட்டுப் பொள்ளாச்சி சந்தைக்குப் போவாங்க. ராத்திரி திரும்பி வரையில அந்த வாய்க்கா மேட்டுப் பனைகிட்ட மாடு நின்னுக்கும். அடிச்சாலும் நகராது. ஐயன் இறங்கி ஒரு சுருட்டைப் பத்த வெச்சு பனை அடியில வெச்சுட்டு, திரும்பிப் பார்க்காம வந்து உக்காருவாங்க. மாடு நடக்கும். அது முனி."

சித்தூர்த் தோழி அப்போது சொன்னாள்: அவள் பாட்டிக்கும் இதே வழியில் ஒரு பனை இருந்ததாம். அதில் யட்சி. வெற்றிலைக்குச் சுண்ணாம்பு கேட்பாள். கையால் கொடுத்தால் கதை முடிந்தது, காலையில் பனை அடியில் நகமும் முடியும்தான் கிடக்கும். கத்தி நுனியில் வைத்து நீட்ட வேண்டும். எந்தப் பனை என்று இரண்டு பேரும் விசாரித்து விசாரித்துப் பார்த்தால், வாய்க்கால், கோவில், வளைவு எல்லாம் ஒன்றாக வருகிறது. அமுச்சி முடிவாகச் சொன்னார்: "கிழக்க போறவனுக்கு முனி, மேக்க போறவனுக்கு யட்சி. பனை ஒண்ணுதான் கண்ணு."

எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது, மக்களே, பயத்தில் இல்லை. மலையாளத்தில் யட்சிக் கதைகள் எத்தனையோ அச்சாகியிருக்கின்றன, தமிழில் முனி கதைகளும். எங்கள் ஓரத்துப் பாட்டிகள் வைத்திருக்கிற இந்தக் கலப்பு இரண்டு பக்கமும் சேராமல் நிற்கிறது. கேரளா முழுக்கத் தெரிந்த கள்ளியங்காட்டு நீலியைப் பாருங்கள், அந்தக் கள்ளியங்காடு நாகர்கோவில் பக்கம் இருக்கிறது. எல்லையில் பிறந்த பேய்களுக்கு இரண்டு மொழியும் தெரியும்.

ஒடியன் கதையும் வந்தது. பாலக்காட்டுக்காரர்களுக்குத் தெரியும், இரவில் காளையாகவும் நாயாகவும் மாறி வழியில் நிற்கிறவன், காதுக்குப் பின்னால் ஏதோ மை தடவுவானாம், மாறின உருவத்தில் ஓர் உறுப்பு குறைந்திருக்குமாம். "கரண்ட் வந்துது, ஒடியன் போயிட்டான்" என்றார் அமுச்சி. இந்தக் கதையில் எனக்கு ஒரு வருத்தம் உண்டு. ஒடியன் என்று கதையில் வருகிறவர்கள் எல்லோரும் ஏழைகள், தாழ்த்தப்பட்ட சாதிக்காரர்கள். ஏவி விட்ட பண்ணையாருக்குக் கதையில் கெட்ட பெயர் இல்லை. பிள்ளைகளுக்கு இந்தக் கதையைச் சொல்லும்போது அதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும் என்று டீச்சர் சொன்னாள், அவள் சொன்னது சரி.

மறுநாள் கேரளப் பிறவி, கேரளா பிறந்த நாள். நான் கசவுப் புடவை கட்டி மையத்துக்குப் போனேன். கையில் இன்னும் அரசாணிக்காய் வாசனை. அந்த மரமேறிப் பெரியவர் ஒரு சான்றிதழ் வாங்க வந்திருந்தார். வாய்க்கால் மேட்டுப் பனை பற்றிக் கேட்டேன். உடனே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டார். அவருக்கு வேறு ஒரு கதை இருக்கிறது. அந்தப் பனையில் ஏறியவரே அவர்தான். கூட்டம் அதிகம், முழுக்கக் கேட்க முடியவில்லை. ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வரச் சொல்லியிருக்கிறார், கேமரா கொண்டு போகலாம் என்றும் சொல்லிவிட்டார்.

அதனால் அடுத்த வீடியோ அமுச்சி சொன்ன முழுக் கதை. அதற்கடுத்தது அந்த மரமேறிப் பெரியவர் கதை. சித்தூர்த் தோழி மலையாளத்தில் சப்டைட்டில் போட்டுத் தருகிறாள். உங்கள் ஊரில் இப்படி ஒரு மரமோ, வளைவோ, கிணறோ இருந்தால், யார் சொன்னார்கள், எந்த ஊர் என்பதோடு குரல் பதிவாக எனக்கு அனுப்புங்கள். குமுளி, செங்கோட்டை, கூடலூர், களியக்காவிளை மாதிரி எல்லை ஊர்ப் பக்கம் இருப்பவர்கள் கட்டாயம் அனுப்புங்கள். சரி, அமுச்சிக்குச் சொட்டு மருந்து நேரம் ஆகிவிட்டது, கூப்பிடுகிறார். வரேன் மக்களே!