வத்தாளை கேட்பது காற்று

(டிசம்பர் முதல் ஞாயிறு மாலை, கொழும்பு வெள்ளவத்தையில் எங்கள் தொடர்மாடியின் கீழ்த்தளத்தில் அயலவர்கள் மத்தியில் பேசியது. பேசும்போது விட்டுப்போன ஒன்றிரண்டை எழுதும்போது சேர்த்திருக்கிறேன்.)

எல்லாருக்கும் வணக்கம். கதிரை கிடைக்காமல் படியில் இருக்கிற பிள்ளைகளுக்கும் சேர்த்துத்தான்.

இந்தக் கிழங்கை இங்கே சிலர் சர்க்கரைவள்ளி என்பீர்கள். எங்கள் வீட்டில் வத்தாளை. முதலாம் மாடியில் இருக்கிற சிங்கள அம்மா பத்தல என்பார். போர்த்துக்கேயர் இதைச் சொல்லும் பத்தாத்தா என்ற பெயரை அதற்குப் பக்கத்தில் வைத்துச் சொல்லிப் பாருங்கள், கிழங்கு வந்த வழி காதுக்கே தெரிந்துவிடும். பிறந்த இடம் அமெரிக்கக் கண்டம். ஆனால் தேங்காய்ப்பூ போட்டு, ஒரு பச்சைமிளகாய்ச் சம்பலோடு, வெறும் தேத்தண்ணியோடு இதைச் சாப்பிட்டு வளர்ந்த நமக்கு இது வெளியூர்க் கிழங்கு என்று சொன்னால் நம்ப மனம் வராது.

பொருளாதார நெருக்கடி வந்த 2022ஆம் ஆண்டை நான் உங்களுக்கு நினைவுபடுத்தத் தேவையில்லை. இந்தத் தெருவில் எரிவாயுச் சிலிண்டரோடு நாள் முழுக்க வரிசையில் நின்றவர்கள் இங்கேயே பாதிப் பேர் இருக்கிறீர்கள். அந்த ஜூன் மாதம் அரச ஊழியர்களுக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை தந்து வீட்டில் பயிர் செய்யச் சொன்னார்கள். நான் அப்போது ஓர் அலுவலகத்தில் எழுதுவினைஞர். நாலாம் மாடி வீடு, ஒரு பல்கனி, மேலே மொட்டைமாடியில் தண்ணீர்த் தாங்கிக்குப் பக்கத்தில் கொஞ்ச இடம். அம்மா சொன்னா, "மிளகாயும் தக்காளியும் வயிறு நிரப்பாது, வத்தாளை போடு" என்று. எழுபதுகளில் பாண் வரிசையில் நின்ற தலைமுறை அவ. பஞ்ச காலத்தில் எது கைகொடுக்கும் என்று அவவுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

போட்டேன். எட்டு உரப்பையில். கொடி எப்படி வந்தது தெரியுமா? மொட்டைமாடிச் சுவரைத் தாண்டி மூன்றாம் மாடி யன்னல்வரைக்கும் தொங்கியது. பார்க்க வந்தவர்கள் எல்லாரும் கண்பட்டுவிடும் என்றார்கள். நவம்பர் தொடக்கத்தில் அம்மாவையும் மேலே கூட்டிக்கொண்டு போய், பழைய படுக்கை விரிப்பு ஒன்றை விரித்து, முதல் பையைக் கவிழ்த்துக் கொட்டினேன். கிழங்கு இல்லை. பென்சில் தடிப்பில் நாரான வேர்கள். அடுத்த பையும் அப்படித்தான். எட்டுப் பையிலும் சேர்த்துக் கறிக்குப் போதும் என்று சொல்லக்கூடியது ஒரு கை அளவு. அம்மா ஒன்றும் பேசாமல் இலைகளை ஆய்ந்து இரவு வறை வறுத்தா. அன்றைக்கு எனக்கு வந்த வருத்தம்தான் இன்றைக்கு உங்கள் முன்னால் நிற்க வைத்திருக்கிறது. ஏனென்றால் பிழை என்ன என்று தெரிந்துகொள்ளாமல் விடுவதில்லை என்று அன்றே முடிவு செய்தேன்.

இரண்டு பிழை விட்டிருந்தேன். ஒன்று, கோழி எரு. கிடைத்ததே பெரிய காரியம் என்று பைக்குப் பாதி போட்டேன். தழைச்சத்து (நைதரசன்) அளவுக்கு மிஞ்சினால் இந்தச் செடி கொடியையும் இலையையும் வளர்த்துக்கொண்டே போகும், கீழே சேமிக்க வேண்டிய தேவையே அதற்கு வராது. மற்றது தண்ணீர். பையின் அடியில் நாலு துளை மட்டும் போட்டு, அதைச் சீமெந்துத் தரையில் தட்டையாக வைத்துவிட்டேன். மழை கொழும்பில் எப்படிப் பெய்யும் என்று உங்களுக்குத் தெரியும். துளைகள் தரையோடு ஒட்டி அடைபட்டுப் போய், உள்ளே மண் சேறாகி, வேருக்கு மூச்சு முட்டிவிட்டது.

இதைக் கொஞ்சம் விரித்துச் சொல்ல வேண்டும், இதுதான் முழு விஷயமும். வத்தாளைக் கிழங்கு உருளைக்கிழங்கு மாதிரித் தண்டு இல்லை, அது பருத்த வேர். கொடித் துண்டை நட்டதும் மண்ணுக்குள் இருக்கிற கணுக்களில் இருந்து வேர்கள் புறப்படும். அந்த வேர்களில் எது கிழங்காகப் பருக்கப் போகிறது, எது வெறும் நாராக இறுகப் போகிறது என்பது பெரும்பாலும் முதல் நாலு, ஆறு வாரத்திலேயே முடிவாகிவிடும். அந்த நேரத்தில் மண் பொலபொலவென்று இருந்து, உள்ளே காற்று ஓடி, ஈரம் மட்டாக இருந்தால் பருக்கும். மண் இறுகியோ சேறாகவோ இருந்தால் வேர் நாராகிவிடும், அப்படி நாரானது திரும்பவும் கிழங்காகாது. நான் மூன்றாம் மாதம் விழுந்து விழுந்து கவனித்ததெல்லாம் வீண். இன்றைக்கு நடுகிறவர்களுக்குத் தைப்பொங்கல் வரைக்கும்தான் உண்மையான வேலை. பொங்கல் அன்று பானை வைக்கும்போது பைக்குள் முடிவு எடுபட்டிருக்கும்.

சரி, அப்படியானால் எப்படிச் செய்வது?

பாத்திரம் உங்கள் விருப்பம். பெரிய பெயின்ற் வாளி, உடைந்த பிளாஸ்டிக் தொட்டி, உரப்பை, எதுவும் சரி. இருபது லீற்றருக்குக் குறையாமல், ஓர் அடிக்குக் குறையாத ஆழம் இருந்தால் போதும். எனக்கு உரப்பைதான் பிடிக்கும், வாயை மடித்து முழங்கால் உயரத்துக்கு விட்டுக்கொள்ளலாம், மண் சேர்க்கச் சேர்க்க மடிப்பை விரித்துக்கொண்டு போகலாம். துளையை அடியில் மட்டும் போடாதீர்கள். அடியில் இருந்து இரண்டு விரல் உயரத்தில் பக்கச் சுவரிலும் சுற்றிவரப் போடுங்கள். அப்புறம் இரண்டு செங்கல் வைத்து அதன் மேல் தூக்கி வையுங்கள். தண்ணீர் பிடிக்கத் தட்டு வைக்கவே கூடாது. அது வேருக்கும் கெடுதல், தட்டில் தேங்கிய தண்ணீரில் நுளம்பு முட்டையிட்டால் முழுக் கட்டடத்துக்கும் டெங்கு. 2017இல் நாடு முழுக்க ஒரு லட்சத்து எண்பதாயிரம் பேருக்கு மேல் டெங்கு வந்ததை மறக்க வேண்டாம்.

மண்தான் சிலருக்குச் சிக்கல், கொழும்பில் மண்ணைக் கூட விலைக்குத்தான் வாங்க வேண்டியிருக்கிறது. நான் கலப்பது மண் இரண்டு பங்கு, தும்புத்தூள் (தேங்காய் நார்த் தூள்) ஒரு பங்கு, நன்றாக மக்கிய கூட்டெரு ஒரு பங்கு, கையில் இருந்தால் கொஞ்சம் ஆற்று மணல். தும்புத்தூளில் உப்பு இருக்கும், இரண்டு மூன்று தரம் தண்ணீரில் அலசிப் பிழிந்துவிட்டுச் சேருங்கள். அவ்வளவுதான், வேறு எருவே வேண்டாம். பருக்கிற காலத்தில் சாம்பல்சத்து (பொட்டாசியம்) தேவை, அதற்கு விறகுச் சாம்பல் ஒரு கைப்பிடி, மேல் மண்ணோடு கலந்து விட்டால் போதும், அதுவும் ஒரே ஒரு தரம். யூரியாவைத் தயவுசெய்து கிட்டவும் கொண்டுவராதீர்கள்.

மொட்டைமாடியில் வைப்பவர்கள் பாரத்தையும் யோசிக்க வேண்டும். நனைந்த மண் நிறைந்த ஒரு பை முப்பது கிலோவைத் தாண்டும். பத்துப் பையை நடுத்தளத்தில் குவிக்காமல், சுவரோரமாக, கீழே வளை (பீம்) ஓடுகிற இடமாகப் பார்த்து வரிசையாக வையுங்கள். முதலில் கட்டடக் குழுவிடம் ஒரு வார்த்தை கேளுங்கள், பிறகு சண்டை வராது.

நடுவதற்கு விதை இல்லை, கொடிதான். கொடி கிடைக்காவிட்டால் சந்தையில் வாங்கிய நல்ல கிழங்கு ஒன்றை ஈரத் தும்புத்தூளில் பாதி புதைத்து வையுங்கள், இரண்டு மூன்று வாரத்தில் முளை கிளம்பும், ஒரு சாண் தாண்டியதும் வெட்டி நடலாம். சிவப்புத் தோல், வெள்ளைத் தோல் இரண்டும் நம் சந்தையில் வரும். வாரியபொல சிவப்பு, வாரியபொல வெள்ளை என்று விவசாயத் திணைக்களம் தந்த இனங்களும் உண்டு. உள்ளே செம்மஞ்சளாக இருக்கிற கிழங்கு எங்காவது கண்டால் விடாதீர்கள். ஒரு சின்னக் கிழங்கிலேயே சிறுபிள்ளைக்கு ஒரு நாளைக்கு வேண்டிய விட்டமின் ஏ வந்துவிடுகிறது. அந்த வகைக் கிழங்கை ஆபிரிக்காவில் ஏழை வீடுகளுக்குக் கொண்டுபோய்ச் சேர்த்த வேலைக்காக 2016இல் உலக உணவுப் பரிசே கொடுத்தார்கள். இத்தனை பெரிய பரிசுக்குரிய ஒன்றை நாம் ஒரு பழைய வாளியில் வளர்க்கலாம் என்பதை நினைத்தால் எனக்கு இப்போதும் மெய்சிலிர்க்கிறது.

கொடித் துண்டை நுனியில் இருந்து ஓர் அடி நீளத்துக்கு வெட்டுங்கள். நுனி ஏன் என்றால், இந்தப் பயிருக்கு ஒரு கொடிய எதிரி உண்டு. எறும்பு மாதிரி ஒடுங்கிய உடம்பு, கருநீல நிறம், நடுவும் கால்களும் சிவப்பு. கூன்வண்டு. அது கொடியின் அடிப்பக்க முதிர்ந்த தண்டில்தான் விரும்பி முட்டையிடும், நுனித் துண்டை எடுத்தால் வண்டையும் சேர்த்து நடுகிற ஆபத்து குறைவு. கிழங்கு பருக்கும்போது மேல் மண் வெடிக்கும், பையின் ஓரத்தில் மண் விலகி இடைவெளி வரும். வண்டு மண்ணைத் தோண்டாது, அந்த வெடிப்பு வழியாகத்தான் இறங்கும். அதனால் வாரம் ஒரு தரம் பார்த்து, வெடித்த இடத்தை மண் போட்டு மூடிவிடுங்கள். மருந்து அடிக்க முடியாத பல்கனியில் இதைவிட நல்ல காவல் எனக்குத் தெரியவில்லை. வண்டு குடைந்த கிழங்கு கசக்கும், ஒரு கெட்ட மணமும் வரும். அவித்தாலும் அந்தக் கசப்பும் நஞ்சும் போகாது. வெட்டிப் போட்டுவிட்டு மிச்சத்தைச் சாப்பிடலாம் என்று பார்க்க வேண்டாம், மாட்டுக்கும் கொடுக்க வேண்டாம்.

நடும்போது துண்டை நட்டுக்குத்தாக ஊன்றாமல் சரித்து, மூன்று நாலு கணு மண்ணுக்குள் போகிற மாதிரிப் படுக்க வையுங்கள். இருபது லீற்றருக்கு ஒரு துண்டு, பெரிய பைக்கு இரண்டு. ஆசைப்பட்டு நாலு நட்டால் நாலும் மெலியும். முதல் வாரம் தினமும் கொஞ்சம் தண்ணீர், பிறகு விரலை மண்ணில் விட்டுப் பார்த்து, காய்ந்திருந்தால் மட்டும். வெயில் ஆறு மணித்தியாலமாவது வேண்டும். கடல் பக்கம் பல்கனி உள்ளவர்களுக்கு வெயில் குறைவில்லை, ஆனால் உப்புக் காற்று இலையைக் கருக்கும், இரண்டு மூன்று நாளுக்கு ஒரு தரம் இலைகளில் நல்ல தண்ணீர் தெளித்துக் கழுவி விடுங்கள்.

இலையைப் பற்றியும் கேட்பீர்கள். தாராளமாகச் சாப்பிடலாம், கங்குன் கீரைக்கு நெருங்கிய சொந்தம்தானே, வறைக்கு அருமையாக இருக்கும். ஆனால் கிழங்கும் வேண்டும் என்றால் இளந்தளிராக அளவோடு கிள்ளுங்கள். கீழே போகிற மாச்சத்து எல்லாம் இலையில்தான் உருவாகிறது.

ஏன் டிசம்பரில் கூப்பிட்டேன் என்றால், இங்கே குளிர் இல்லாததால் எந்த மாதமும் முளைக்கும், கிழங்கு பருக்கும் நேரத்தில் பெருமழை வந்தால்தான் பிரச்சினை. இப்போது நட்டால் ஜனவரி, பெப்ரவரி காய்ந்த காலத்தில் பருத்து, மார்ச் கடைசியில், சித்திரைப் புத்தாண்டுக்கு முன்னமே எடுத்துவிடலாம். நூறு நாளில் இருந்து நூற்றியிருபது நாள். இலை மஞ்சளாகத் தொடங்கும். பக்கத்து மண்ணை விரலால் விலக்கிப் பார்த்தால் தெரிந்துவிடும். கடைசி இரண்டு வாரம் தண்ணீரை நன்றாகக் குறையுங்கள், இல்லாவிட்டால் கிழங்கு வெடிக்கும்.

எடுத்த அன்றே அவித்துவிட்டு "இனிப்பில்லையே" என்று என்னிடம் வராதீர்கள். தோல் மிக மெல்லியது, முட்டையைத் தொடுகிற மாதிரித் தொட்டு, கழுவாமல், நிழலான காற்றோட்டமான இடத்தில் ஒரு வாரம் பரப்பி வையுங்கள். காயம் ஆறித் தோல் இறுகும், இனிப்பும் ஏறும். இதற்காகக் குளிர் நாடுகளில் அறையைச் சூடாக்கி, ஈரப்பதமும் கூட்டி வைக்கிறார்கள். நமக்குக் கொழும்பின் புழுக்கமே அந்த வேலையைச் சும்மா செய்து தருகிறது. பிரிட்ஜில் மட்டும் வைக்க வேண்டாம், நடு இறுகிப்போய் எவ்வளவு அவித்தாலும் வேகாது. அவிக்கும்போதும் மெல்லிய நெருப்பில் ஆறுதலாக அவியுங்கள், சூடு மெல்ல ஏறும்போதுதான் மா இனிப்பாக மாறும்.

நான் 2023இல் திரும்ப நட்டேன். அதே எட்டுப் பை, எரு குறைவு, பக்கத்தில் துளை, கீழே செங்கல். முதல் பையை அம்மாவே கவிழ்த்தா. ஐந்து கிழங்கு. நிறுத்துப் பார்த்தோம், ஒன்றரைக் கிலோவுக்குக் கொஞ்சம் கூட. ஒரு பைக்கு ஒன்று, ஒன்றரைக் கிலோ என்றுதான் நீங்களும் எதிர்பார்க்க வேண்டும், இதை வைத்து அரிசிச் செலவை நிறுத்த முடியாது. ஆனால் ஒரு குடும்பத்தின் எட்டு, பத்து இரவுச் சாப்பாடு மொட்டைமாடியில் இருக்கிறது என்றால், 2022ஐப் பார்த்த எனக்கு அது சின்ன விஷயமாகத் தெரியவில்லை.

அந்த மேசையில் ஈரச் சாக்குக்குள் நாற்பது கொடித் துண்டு வைத்திருக்கிறேன், எல்லாம் இன்று காலை நுனியில் வெட்டியது. வீட்டுக்கு இரண்டு எடுங்கள். பை, மண் தயாரில்லாதவர்கள் பயப்பட வேண்டாம், ஈரத்துணியில் சுற்றி நிழலில் வைத்தால் இரண்டு மூன்று நாள் தாங்கும், கணுவில் சின்னதாக வேரும் விட்டிருக்கும், அப்படி நட்டால் இன்னும் சீக்கிரம் பிடிக்கும். புதன்கிழமைக்குள் நட்டுவிடுங்கள். மூன்றாம் மாடி அக்கா, உங்கள் யன்னலுக்கு இந்த முறையும் கொடி வரும், தளிரைக் கிள்ளிக்கொள்ளுங்கள்.