ரத்தசோகையா? மாத்திரைக்கு முன்னால் ரிப்போர்ட்டைப் பாருங்கள்

எல்லாருக்கும் வணக்கம். "ஹீமோகுளோபின் 9 தான் இருக்கிறது, என்ன சாப்பிட்டால் ஏறும்?" என்று நிறைய பேர் கேட்கிறீர்கள். பதில் சொல்வதற்கு முன்னால் நான் ஒன்று கேட்கிறேன். எந்தச் சத்து குறைந்ததால் அது 9 ஆனது? அது தெரியாமல் மாத்திரை வாங்கிப் போடுவது எனக்கு உண்மையிலேயே கவலையாக இருக்கிறது.

100 மில்லி ரத்தத்தில் ஹீமோகுளோபின் வயது வந்த பெண்களுக்கு 12, ஆண்களுக்கு 13 கிராமுக்குக் கீழே போனால் ரத்தசோகை என்கிறார்கள். கர்ப்பிணிகளுக்குக் கணக்கு வேறு. ஆனால் இந்த எண் காரணத்தைச் சொல்லாது.

சரி, உங்கள் ரிப்போர்ட்டைக் கையில் எடுங்கள். ஹீமோகுளோபினுக்குக் கொஞ்சம் கீழே எம்.சி.வி. என்று ஒரு வரி இருக்கும். சிவப்பணுவின் சராசரி அளவு அது. 80 முதல் 100 வரை இயல்பு. இரும்புச்சத்து போதவில்லை என்றால் அணுவுக்குள் ஹீமோகுளோபின் சரியாக உருவாகாது, அணு சிறுத்து, வெளுத்துப் போகும். எண் 80க்குக் கீழே இறங்கும். பி12 அல்லது ஃபோலேட் என்ற வைட்டமின் குறைந்தால் டி.என்.ஏ. உருவாவதே தடைபடும். அணு நேரத்துக்குப் பிரிய முடியாமல் பெருத்துவிடும். எண் 100ஐத் தாண்டும். இரண்டு வகைக் குறையும் சேர்ந்திருந்தால்? சராசரி 90 என்று காட்டி நம்மை ஏமாற்றிவிடும். தலசீமியா மாதிரி பரம்பரைக் கோளாறிலும் அணு சிறுக்கும். அதனால்தான் ஃபெரிட்டின் பரிசோதனையும் தேவைப்படுகிறது. உடம்பில் இரும்பு எவ்வளவு கையிருப்பு என்று அது காட்டும். ஹீமோகுளோபின் குறைவதற்கு முன்பே ஃபெரிட்டின் குறைந்துவிடும். உடம்பில் வேறு அழற்சி இருந்தால் மட்டும் அது கூடுதலாகக் காட்டலாம், டாக்டரிடம் கேளுங்கள்.

அப்புறம் பி12. இதை நான் அழுத்திச் சொல்ல வேண்டும். இயற்கையில் இது இறைச்சி, மீன், முட்டை, பால் போன்றவற்றில்தான் கிடைக்கிறது. கல்லீரலில் சில வருடத்துக்கான இருப்பு உண்டு என்பதால் குறை மெதுவாகத்தான் வெளியே வரும். நன்றாகச் சாப்பிடுகிறவர்களுக்கும் இது வரலாம். வயிறு, குடல் சரியாக உறிஞ்சாவிட்டாலோ, சர்க்கரைக்கு மெட்ஃபார்மின் நீண்ட காலம் எடுத்தாலோ குறையலாம். பாதத்தில் மரத்துப்போவது, ஊசி குத்துகிற மாதிரி உணர்வு, நடையில் தடுமாற்றம், மறதி, இவை எல்லாம் நரம்பு பாதிக்கப்படுவதன் அறிகுறிகள். பி12 குறைந்தவர் ஃபோலிக் அமிலம் (ஃபோலேட்டின் மாத்திரை வடிவம்) மட்டும் எடுத்தால் ரத்த ரிப்போர்ட் அழகாகத் திருந்திவிடும். நரம்புச் சேதம் உள்ளே தொடர்ந்துகொண்டே இருக்கும். அதற்குப் பயந்துதான் இவ்வளவும் சொல்கிறேன்.

இரும்புக் குறையின் அறிகுறிகளில் ஒன்று பலருக்குத் தெரியாது. ஐஸ் கட்டியைக் கடித்துக்கொண்டே இருக்க வேண்டும் என்ற அடங்காத ஆசை. மண், சாக்பீஸ் தின்னத் தோன்றுவதும் அப்படித்தான். குழந்தையை இதற்காகத் திட்டாதீர்கள், ரத்தப் பரிசோதனை செய்யுங்கள்.

டாக்டர் இரும்பு மாத்திரை கொடுத்தால், டீ, காபி, பால், கால்சியம் மாத்திரை எதனோடும் சேர்த்துப் போடாதீர்கள், உறிஞ்சுவது குறையும். வைட்டமின் சி உள்ள பழம் உதவும். கீரை, பருப்பில் உள்ள இரும்பைவிட இறைச்சியில் உள்ளதை உடம்பு எளிதாக எடுத்துக்கொள்ளும். ஹீமோகுளோபின் சரியானதும் நிறுத்திவிடாதீர்கள். கையிருப்பு நிரம்ப வழக்கமாக இன்னும் மூன்று மாதமாவது தொடரச் சொல்வார்கள்.

மாத்திரை எடுக்கும்போது மலம் கறுப்பாகப் போகும், அது சாதாரணம். மாத்திரை எடுக்காமலேயே தார் மாதிரி கறுப்பாகப் போனால் அது வயிற்றுக்குள் ரத்தக்கசிவாக இருக்கலாம். ஆண்களுக்கும் மாதவிடாய் நின்ற பெண்களுக்கும் இரும்பு குறைந்தால் சாப்பாட்டை மட்டும் குறை சொல்லிவிட்டு இருக்காதீர்கள். ரத்தம் எங்கே கசிகிறது என்று டாக்டர் தேட வேண்டியிருக்கும். கூச்சப்படாமல் அவரிடம் சொல்லிவிடுங்கள்.