விளிக்க ஒரு ஆள் வேண்டாமா?

நடுவர் ஐயா அவர்களே, எதிரணி அண்ணன்மாரே, பாறசாலை சபை மக்களே, எல்லாருக்கும் தோத்திரம்.

"வெளிநாட்டுக்கு ஊழியம் செய்யப் போகிறவரை நடத்துவது உள்ளத்தில் கேட்கும் குரலா, எதிரில் நிற்பவரின் தேவையா?" என்பது தலைப்பு. அண்ணன் இவ்வளவு நேரம் குரலுக்காகப் பேசினார். அவருக்கு வாய்த்த குரலும் அப்படி; மைக் இல்லாமலே களியக்காவிளை வரைக்கும் கேட்டிருக்கும். நான் தேவையின் பக்கம்.

இந்த ஊரில் நின்று பேசுவதில் எனக்கு ஒரு வசதி. இங்கே பாதிப் பேருக்கு வீட்டில் தமிழ், பள்ளிக்கூடத்தில் மலையாளம். ஊழியத்துக்கு ஆண்டவர் கூப்பிடுகிறார் என்கிறோமே, அந்த அழைப்புக்கு மலையாளத்தில் என்ன பேர்? தெய்வவிளி. நம்ம வீட்டிலும் "மக்ளே, ஒன்ன அம்மா விளிக்கா" என்றுதானே சொல்கிறோம்? நடுவர் ஐயா தமிழ் வாத்தியார். எட்டாம் வேற்றுமை எது என்று தூக்கத்தில் கேட்டாலும் விளி வேற்றுமை என்பார். விளி என்றால் விளிக்க ஒரு வாய் வேண்டும், கேட்க ஒரு காது வேண்டும். வாயே இல்லாமல் காதில் மட்டும் சத்தம் கேட்டால் அதற்குப் பேர் விளி இல்லை ஐயா, காது இரைச்சல். நான் நர்ஸ் வேலை பார்த்தவள். அதற்குச் சொட்டு மருந்து எழுதித் தருவார்கள்.

அண்ணன் துரோவாவில் பவுல் கண்ட தரிசனத்தைச் சொன்னார். வேதாகமத்தில் அப்போஸ்தலர் நடபடிகள் 16-ஆம் அதிகாரம். நல்ல இடம்தான், ஆனால் பாதியில் நிறுத்திவிட்டார். அந்தத் தரிசனத்தில் பவுல் பார்த்தது என்ன? வெளிச்சமா, இடிமுழக்கமா? மக்கெதோனியாக்காரன் ஒருவன் வந்து நின்று, "வந்து எங்களுக்கு உதவிசெய்யவேண்டும்" என்று கெஞ்சுகிறான். கனவிலும் எதிரில் ஒரு ஆள்தான் நிற்கிறான்! அடுத்த வசனத்தையும் வாசியுங்கள். கண்டது பவுல் ஒருவர். "நாங்கள் நிச்சயித்துக்கொண்டு" என்று பன்மையில் வருகிறது. கூட இருந்தவர்களும் சேர்ந்து தீர்மானித்த பிறகுதான் கப்பல். கூப்பிட்டது ஆண்பிள்ளை, பிலிப்பி பட்டணத்தில் முதலில் இருதயமும் வீடும் திறந்தது லீதியாள் என்ற வியாபாரப் பொம்பளை. அது வேறு பட்டிமன்றம்.

இனி நம்ம ஊருக்கு வருகிறேன். 1806-இல் ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாகத் திருவிதாங்கூருக்குள் வந்தார் ரிங்கல்தௌபே. லண்டன் மிஷனரி சங்கம் அனுப்பிய ஜெர்மன்காரர். மயிலாடி என்று ஒரு கிராமம் இருப்பது அவருக்கு எப்படித் தெரியும்? வானத்திலிருந்து யாரும் சொல்லவில்லை. மயிலாடிக்காரர் மகாராசன் என்பவர் தஞ்சாவூர் வரை போய், ஞானஸ்நானம் வாங்கி, வேதமாணிக்கம் என்ற பேரோடு திரும்பி வந்து, எங்கள் ஊருக்கு ஒரு ஆளை அனுப்புங்கள் என்று கேட்டார். கேட்டவர் உள்ளூர்க்காரர், வந்தவர் வெளியூர்க்காரர். பத்து வருடம் கழித்து உடம்பு கெட்டு இங்கிருந்து புறப்பட்ட ரிங்கல்தௌபே எங்கே மரித்தார் என்பது இன்றைக்கும் தெளிவாகத் தெரியாது. மயிலாடியில் அவரை யாரும் மறக்கவில்லை. விளித்தவர்களுக்கு வந்தவரை நினைவிருக்கும்.

அடுத்தது நெய்யூர். இந்தக் கூட்டத்தில் நெய்யூர் ஆஸ்பத்திரியில் பிறந்தவர்கள் கை தூக்குங்கள் பார்ப்போம். பார்த்தீர்களா ஐயா, எதிரணியிலேயே ரெண்டு கை!

இங்கிலாந்து டாக்டர் சாமர்வெல் 1922-இல் இந்தப் பக்கம் வந்தது ஊழியத்துக்கு இல்லை, எவரெஸ்ட் ஏறுவதற்கு. அந்த முயற்சியில் பனிச்சரிவில் கூலிக்காரர்கள் ஏழு பேர் செத்தார்கள். மலையிலிருந்து இறங்கியவர் ஊர் திரும்பும் முன் இந்தியாவைச் சுற்றிப் பார்க்கலாம் என்று கிளம்பி, தெற்கே நெய்யூர் மிஷன் ஆஸ்பத்திரி வரை வந்துவிட்டார். வந்து பார்த்தால் ஆஸ்பத்திரி வாசலில் வரிசை. வெற்றிலைபாக்கு மென்று மென்று கன்னத்தில் புற்று வந்தவர்கள், குடல்புண்ணில் சுருண்டு கிடப்பவர்கள். உள்ளே அறுவை செய்ய ஒரே ஒரு டாக்டர், அவரும் ஓய்ந்துபோய் நிற்கிறார். லண்டனில் பெரிய ஆஸ்பத்திரி வேலை காத்திருக்க, அதை விட்டுவிட்டு மறு வருடமே நெய்யூருக்கு வந்து சேர்ந்தார். அடுத்த இருபத்தைந்து வருடம் இங்கேதான். நடுவில் 1924-இல் இன்னொரு தடவை எவரெஸ்டுக்குப் போய், தொண்டை அடைத்துச் சாகக் கிடந்து, பிழைத்து, திரும்பவும் நெய்யூர்.

இப்போது அண்ணன் எழுந்து ஒரு கேள்வி கேட்பார். அவர் கேட்காவிட்டால் நானே கேட்கிறேன், ஏனென்றால் அவர் பக்கத்தில் இருக்கிற ஒரே நல்ல கேள்வி அதுதான். "அந்த வரிசையை எத்தனையோ துரைமார் பார்த்துவிட்டுப் போனார்கள். சாமர்வெல் மட்டும் ஏன் நின்றார்? உள்ளே ஒரு குரல் கேட்டதால்தானே?"

நியாயம். நான் யோசித்துப் பார்த்தேன். முதல் உலகப் போர், 1916-இல் பிரான்சில் சோம் போர்முனையில் அவர் படை மருத்துவர். கூடாரத்துக்கு வெளியே கண்ணுக்கெட்டிய தூரம் ஸ்ட்ரெச்சரில் காயம்பட்ட பையன்கள், உள்ளே விரல்விட்டு எண்ணக்கூடிய டாக்டர்கள். யாரை முதலில் எடுப்பது, யாரை விடுவது? அதைக் கண்டவருக்கு நெய்யூர் வரிசை புதுசு இல்லை, ஏற்கெனவே தெரிந்த வரிசை. உள்ளே பேசிய குரல் என்று அண்ணன் சொல்வது அங்கே கிடந்தவர்களின் குரல்தான் என்பேன். குரல் இல்லை என்று எங்கள் அணி சொல்லவே இல்லை. அது யார் தொண்டையிலிருந்து வந்தது என்பதுதான் கேள்வி.

வேலூர் சி.எம்.சி. ஆஸ்பத்திரியைத் தொடங்கிய ஐடா ஸ்கடர் கதை எல்லாருக்கும் தெரியும், நீட்டவில்லை. திண்டிவனத்தில் ஒரே ராத்திரியில் மூன்று பேர் மனைவியின் பிரசவத்துக்கு ஆள் கேட்டு அவரிடம் வந்தார்கள். டாக்டர் அவர் அப்பாதான்; ஆண் டாக்டர் வேண்டாம் என்று திரும்பிப் போனார்கள், விடிவதற்குள் மூன்று பெண்களும் போய்ச் சேர்ந்தார்கள். மிஷனரி வாழ்க்கையே வேண்டாம் என்றிருந்த அந்தப் பொண்ணு அமெரிக்காவுக்குப் போய் 1899-இல் டாக்டர் பட்டம் வாங்கி, திரும்பி வந்தார். அழைப்பு வந்த மறுநாளே கத்தியைத் தூக்கவில்லை, முதலில் படித்தார்! இதை இளைஞர் சங்கத் தம்பிகள் குறித்துக்கொள்ளலாம்.

விளிக்காத இடத்துக்குப் போனால்? 2018 நவம்பரில் ஜான் ஆலன் சாவ் என்ற 26 வயது அமெரிக்கர் சுவிசேஷம் சொல்ல அந்தமானில் வடக்கு சென்டினல் தீவுக்குப் போனார். யாரும் போகக் கூடாது என்று சட்டம் தடுத்திருக்கும் தீவு. வெளியாள் கொண்டுவரும் சாதாரண சளிக்காய்ச்சல்கூட அந்த மக்களைக் கொன்றுவிடலாம். அவர்கள் எய்த ஒரு அம்பு அவர் கையிலிருந்த வேதாகமத்திலேயே தைத்தது என்று அவரே நாட்குறிப்பில் எழுதியிருக்கிறார். வராதே என்று இதைவிட எப்படிச் சொல்வது? திரும்பவும் போனார், கொல்லப்பட்டார். அவர் துணிச்சலை நான் கேலி செய்யமாட்டேன், யாரோ பெற்ற பிள்ளை. ஆனால் படகில் கொண்டுபோய் விட்ட மீனவர்கள் கைதானார்களே, அவர்கள் வீட்டு அடுப்பையும் நினைக்க வேண்டாமா?

ஊரார் கதை போதும். என் கதைக்கு வருகிறேன், இதை மேடையில் சொன்னதில்லை.

கல்யாணத்துக்கு முன்னால் ஆப்பிரிக்காவில் மலாவி நாட்டில் ஒரு மிஷன் ஆஸ்பத்திரியில் இருந்தேன். மழைக்காலம். ஒரு ராத்திரி ஜெபத்தில் இருக்கும்போது, ஷீரே ஆற்றுக்கு அக்கரைக் கிராமத்துக்கு மருந்தோடு போ என்று உள்ளத்தில் பலமாகப் பட்டது. உடம்பெல்லாம் சிலிர்த்தது. அன்றைக்கு டியூட்டி எனக்கு. யாரிடமும் கேட்கவில்லை, ஆண்டவரே சொன்ன பிறகு மேட்ரனிடம் என்ன கேள்வி? விடியக்காலையில் மருந்துப் பெட்டியோடு மரத்தோணியில் ஏறிவிட்டேன். அக்கரையில் ஆளே இல்லை. நல்ல மழை பெய்ததால் எல்லாரும் சோளக்காட்டில். ஒரு கிழவர் மட்டும் குடிசை வாசலில் உட்கார்ந்து என்னை ஏற இறங்கப் பார்த்தார். அவருக்கு ஒரு நோயும் இல்லை.

சாயங்காலம் திரும்பினேன். வராந்தாவில் தண்ணீர் ஊற்றிக் கழுவிக்கொண்டிருந்தார்கள். சிமெண்டுத் தரை இடுக்கில் ரத்தம் இன்னும் போகவில்லை. நான் போன ஒரு மணி நேரத்தில் நிறைமாதக்காரி ஒருத்தி நடந்தே வந்திருக்கிறாள். "சிஸ்டர், சிஸ்டர்" என்று கதவைத் தட்டியிருக்கிறாள். கூட்டிப் பெருக்கும் அம்மாதான் தன் இடுப்பில் கட்டியிருந்த சிதெஞ்சே துணியை அவிழ்த்துத் தரையில் விரித்து, பிள்ளையை வாங்கியிருக்கிறார். தாயும் பிள்ளையும் தப்பினார்கள், கர்த்தருக்கு ஸ்தோத்திரம்.

அந்த அம்மா துணியைப் பிழிந்துகொண்டே கேட்டார்: "அக்கரையில் உன்னை யார் கூப்பிட்டது?"

என்னிடம் பதில் இல்லை ஐயா. அதிகாலையில் புறப்பட்டபோது எனக்குக் கேட்ட குரல் பொய் என்று நான் இன்றைக்கும் சொல்லமாட்டேன். ஆனால் கதவு தட்டிய சத்தம் கேட்கிற தூரத்தில் நான் இல்லை.

மணி அடித்துவிட்டீர்கள், ஒரே ஒரு வரி. பெண் குழந்தை. சிஸ்டர் பேரை வைப்போம் என்று சிலர் சொன்னார்களாம். தாய்க்காரி ஒத்துக்கொள்ளவில்லை, கூட்டிப் பெருக்கும் அம்மாவின் பேரைத்தான் வைத்தாள். நன்றி, வணக்கம்.