பெஞ்சில் இருப்பவருக்கு எதற்குச் சம்பளம்? ஹட்டன் தம்பியின் கேள்விக்குப் பதில்

அடுத்த கேள்வி ஹட்டனிலிருந்து ஒரு தம்பி அனுப்பியது. வாசிக்கிறேன். "சேர், நான் எங்கள் பாடசாலைக் கூடைப்பந்து அணியில் இருக்கிறேன். 12 பேரில் ஒருவன். ஆனால் மேட்ச் தொடங்கும்போது எப்போதும் பெஞ்சில்தான். என்.பி.ஏ. அணிகளில் 15 பேரை ஒப்பந்தம் செய்கிறார்கள், கோர்ட்டில் நிற்பது 5 பேர்தானே? மற்றவர்களுக்கு எதற்கு அவ்வளவு காசு? அவர்களால் அணிக்கு உண்மையிலேயே என்ன பயன்?"

தம்பி, இது நீங்கள் மட்டும் கேட்கிற கேள்வி இல்லை. கண்டியில் நான் பழக்குகிற பிள்ளைகளும் கேட்பார்கள், அவர்களுடைய அப்பா அம்மாவும் கேட்பார்கள். அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

முதலில் நிமிடக் கணக்கு. என்.பி.ஏ., அதாவது அமெரிக்கத் தொழில்முறைக் கூடைப்பந்து லீக்கில், ஓர் ஆட்டம் 48 நிமிடம். ஒரே நேரத்தில் 5 பேர். அப்படியென்றால் ஒரு அணி ஓர் ஆட்டத்தில் 240 நிமிட உழைப்பை நிரப்ப வேண்டும். முதல் ஐவரும் ஆளுக்கு 36 நிமிடம் ஆடினாலும் 180தான் வரும். மீதி 60 நிமிடம், அதாவது ஆட்டத்தில் கால் பங்கு, பெஞ்சிலிருந்து வருகிறவர்களுடையது. ஒரு பருவத்துக்கு 82 ஆட்டங்கள், சில வாரங்களில் அடுத்தடுத்த இரவுகளிலும் ஆட வேண்டும். எந்த நட்சத்திரமும் இத்தனையையும் தனியாகத் தாங்க முடியாது.

இனி அந்தக் கால் பங்கில் என்ன நடக்கிறது என்று பாருங்கள். உங்கள் அணியின் பெரிய ஆட்டக்காரர் கோர்ட்டில் இருந்த 36 நிமிடத்தில் அணி 8 புள்ளி முன்னால் நிற்கிறது என்று வைத்துக்கொள்வோம். அவர் இளைப்பாறிய 12 நிமிடத்தில் எதிரணி உங்களைவிட 10 புள்ளி கூடுதலாக எடுத்துவிட்டது. முடிவு? 2 புள்ளியில் தோல்வி. அவர் 35 புள்ளி போட்டிருந்தாலும் தோல்விதான். அதே 12 நிமிடத்தில் பெஞ்ச் ஆட்கள் 3 புள்ளியை மட்டும் விட்டுக்கொடுத்திருந்தால் 5 புள்ளியில் வெற்றி. கவனியுங்கள், அவர்கள் எதிரணியை முந்தக்கூட இல்லை. விட்டுக்கொடுத்ததைக் குறைத்தார்கள், அவ்வளவுதான். அந்த உழைப்பு மறுநாள் பத்திரிகையில் வராது. ஆனால் எந்தக் கோச்சுக்கும் அது தெரியும்.

இதை அளக்க ஆட்டக் குறிப்பில் பிளஸ் மைனஸ் என்று ஒரு கட்டம் இருக்கிறது. ஒருவர் கோர்ட்டில் நின்ற நேரத்தில் அணி எத்தனை புள்ளி முந்தியது, எத்தனை பிந்தியது என்பதை அது காட்டும். ஒரே ஒரு ஆட்டத்தின் பிளஸ் மைனஸைப் பார்த்து யாரையும் எடைபோட்டு விடாதீர்கள், கூட நின்ற நால்வர் யார் என்பதும் அதில் கலந்திருக்கும். ஒரு பருவம் முழுவதும் சேர்த்துப் பார்த்தால்தான் அது பேசத் தொடங்கும்.

சரி, நம் மலைநாட்டுக்காரருக்கு நன்றாகவே புரிகிற ஓர் அணி இருக்கிறது. டென்வர் நகெட்ஸ். டென்வர் நகரம் கடல் மட்டத்திலிருந்து 5,280 அடி உயரத்தில் இருக்கிறது. ஹட்டன் 4,000 அடிக்கு மேலே, நுவரெலியா 6,000 அடிக்கும் மேலே. கொழும்பிலிருந்து ஏறி வருகிற பிள்ளைகள் இங்கே இரண்டாவது பாதியில் இடுப்பில் கை வைத்துக்கொண்டு மூச்சு வாங்குவதைப் பார்த்திருப்பீர்கள். டென்வருக்குப் போகிற அணிகளுக்கும் அதே கதைதான். அங்கே பெஞ்ச் பலமில்லாத அணி நான்காம் கால் பகுதியில் மாட்டிக்கொள்ளும்.

ஆனால் அந்த டென்வரையே பெஞ்ச்தான் தூக்கியும் விட்டது, இறக்கியும் விட்டது. 2023 இறுதிச் சுற்றில் மியாமியை 4-1 என்று வென்று (முதலில் 4 ஆட்டம் வெல்பவருக்குத்தான் தொடர்) முதல் தடவையாகச் சாம்பியன் ஆனார்கள். அந்தத் தொடரின் நான்காவது ஆட்டத்தில் பெஞ்சிலிருந்து வந்த புரூஸ் பிரவுன் 21 புள்ளி எடுத்தார், அதில் 11 கடைசிக் கால் பகுதியில். டென்வரின் நட்சத்திரங்களான நிக்கோலா யோக்கிச், ஜமால் மரே இருவரையும் மட்டுமே தடுக்கத் திட்டம் போட்டு வந்தவர்களுக்கு, இந்த மூன்றாவது ஆளுக்கு என்ன செய்வது என்று தெரியவில்லை. பிரவுன் அந்தக் கோடையிலேயே வேறு அணிக்குப் போய்விட்டார்.

இரண்டு வருடம் கழித்து, 2025 மே மாதம், அதே டென்வர் ஓக்லஹோமா சிட்டி தண்டருடன் மோதியது. தொடர் 3-3 வரை வந்தது. டென்வரின் பெஞ்ச் மெலிந்து போயிருந்தது. தொடைத் தசை காயத்தோடு ஏரன் கோர்டனை ஏழாவது ஆட்டத்தில் இறக்க வேண்டிய நிலை. எதிர்ப்பக்கத்தில் தண்டர் என்ன செய்தது தெரியுமா? பெஞ்சிலிருந்து அலெக்ஸ் கருசோவை அனுப்பி யோக்கிச்சோடு ஒட்ட வைத்தது. யோக்கிச் கிட்டத்தட்ட 7 அடி, கருசோ ஆறரை அடிக்கும் சற்றுக் குறைவு. முன்னால் கையை நீட்டி, பந்து வருகிற வழியை மறித்து, உதவிக்கு மற்றவர்களும் சேர, யோக்கிச்சை 20 புள்ளியில் நிறுத்தினார்கள். 125-93. அந்த வருடக் கிண்ணமும் தண்டருக்குத்தான் போனது. கருசோவை எந்த அணியும் டிராஃப்ட்டில், அதாவது புது ஆட்களை அணிகள் முறைவைத்துத் தெரிவுசெய்கிற நிகழ்வில், எடுக்கவில்லை என்பதையும் சேர்த்து நினைத்துப் பாருங்கள். முடிந்தால் அந்த ஆட்டத்தைத் தேடி எடுத்துப் பார்க்கச் சொல்வேன். பந்தைப் பார்க்காமல் கருசோவின் கால்களை மட்டும் பாருங்கள்.

இன்னொன்று. பெஞ்சில் இருப்பவர் என்றால் தரம் குறைந்தவர் என்ற எண்ணத்தை மனதிலிருந்து எடுத்துவிடுங்கள். யார் தொடங்குகிறார் என்பது வேறு, யார் முடிக்கிறார் என்பது வேறு. சான் அன்டோனியோ ஸ்பர்ஸின் மனு ஜினோபிலி 2004இல் ஆர்ஜென்டினாவுக்கு ஒலிம்பிக் தங்கம் வாங்கிக் கொடுத்தவர். அவரைத்தான் கோச் கிரெக் போபோவிச் பெஞ்சிலிருந்து இறக்கினார். டிம் டன்கனும் டோனி பார்க்கரும் இளைப்பாறுகிற நேரத்தில் பந்து ஜினோபிலியின் கையில் இருக்கும், அணி தளராது. 2007-08 பருவத்தில் சிறந்த ஆறாவது ஆட்டக்காரர் விருதை, அதாவது பெஞ்சிலிருந்து வருகிறவர்களில் சிறந்தவருக்குக் கொடுப்பதை, அவர் வாங்கினார். அந்தப் பருவத்தில் ஸ்பர்ஸில் ஆட்டத்துக்குச் சராசரியாக அதிகப் புள்ளி எடுத்தவரும் அவர்தான்!

ஆண்ட்ரே இகுவொடாலாவையும் சொல்ல வேண்டும். 2014-15க்கு முன்பு அவர் ஆடிய எல்லா ஆட்டங்களிலும் முதல் ஐவரில் ஒருவர். அந்தப் பருவம் கோல்டன் ஸ்டேட் வாரியர்ஸ் அவரைப் பெஞ்சுக்கு மாற்றியது, ஏற்றுக்கொண்டார். லீக் சுற்றில் ஒரு ஆட்டத்தைக்கூட அவர் தொடங்கவில்லை. இறுதிச் சுற்றில் வாரியர்ஸ் 1-2 என்று பின்தங்கியபோது, நான்காவது ஆட்டத்தில் உயரமான ஆண்ட்ரூ போகட்டை உட்கார வைத்து இகுவொடாலாவைத் தொடக்கத்திலேயே இறக்கினார்கள். அடுத்த மூன்று ஆட்டங்களையும் வென்றார்கள். எதிரணியின் நட்சத்திரம் லெப்ரான் ஜேம்ஸைத் தடுக்கிற பாரமும் பெரும்பாலும் இவருக்கே. இறுதிச் சுற்றின் சிறந்த ஆட்டக்காரர் விருதும் இவருக்கே.

இந்த ஆறாவது ஆள் என்ற ஏற்பாடு புதியதல்ல. 1950களில் பாஸ்டன் செல்டிக்ஸ் கோச் ரெட் ஆவர்பாக், ஃபிராங்க் ராம்சியை வைத்துத் தொடங்கியது. அதற்கென்று தனி விருது 1982-83 பருவத்திலிருந்து இருக்கிறது.

அப்புறம் பதின்மூன்றாவது, பதினான்காவது ஆட்கள். மேட்ச்சில் சில நாள் ஒரு நிமிடம்கூடக் கிடைக்காது. அவர்களுடைய வேலை பயிற்சியில் நடக்கிறது. அடுத்து வரப்போகிற எதிரணியின் நகர்வுகளை மனப்பாடம் செய்து, முதல் ஐவருக்கு எதிராக அதையே ஆடிக் காட்டுவார்கள். அவர்கள் சோம்பினால் முதல் ஐவருக்குச் சரியான பழக்கம் கிடைக்காது.

உங்கள் அணிக்கு வருவோம் தம்பி. நீங்கள் ஆடுவது 40 நிமிட ஆட்டம், 5 ஃபவுலில் ஆள் வெளியே. என்.பி.ஏ.வில் 6. அதனால் பாடசாலை மேட்ச்சில் பெஞ்ச் ஆளுக்கு வேலை இன்னும் சீக்கிரமாக வரும். முக்கியமான ஒருவர் முதல் பாதியிலேயே 3 ஃபவுல் வாங்கிவிட்டால் கோச் திரும்பிப் பெஞ்சைத்தான் பார்ப்பார். உட்கார்ந்திருக்கும்போதே நீங்கள் மறிக்கப்போகிற ஆளைத் தெரிவுசெய்துகொள்ளுங்கள். அவர் எந்தக் கையால் பந்தை ஓட்டுகிறார், களைத்தால் எந்தப் பக்கம் திரும்புகிறார், எதிரணி யாரிடம் பந்து கொடுக்கத் தயங்குகிறது என்று பாருங்கள். ஹட்டன் குளிரில் உடம்பு சீக்கிரம் இறுகிவிடும், இடைவேளையில் கட்டாயம் ஓடிச் சூடேற்றிக்கொள்ளுங்கள். உங்கள் கோச்சிடம், "சேர், நான் ஏன் ஆடுவதில்லை?" என்று கேட்பதற்குப் பதிலாக, "நான் இறங்கினால் என்னிடம் எதிர்பார்க்கிற முதல் வேலை என்ன சேர்?" என்று கேளுங்கள். அவர் சொல்கிற அந்த ஒரு வேலையை வரும் பயிற்சியிலேயே செய்யத் தொடங்குங்கள்.