திறப்பைத் திருப்பினால் ஒரு விளக்குக்கூட எரியவில்லையா? பற்றரி வாங்குவதற்கு முன் பாருங்கள்

[காட்சி: வெள்ளவத்தை. காரின் உட்புறம். திறப்பு திருப்பப்படுகிறது, டாஷ்போர்ட் இருண்டே கிடக்கிறது.]

வணக்கம். திறப்பை 'ஒன்' நிலைக்குத் திருப்பியும் டாஷ்போர்டில் ஒரு விளக்கும் எரியாத, ஸ்டார்ட்டர் 'டக்' என்றுகூடச் சத்தம் போடாத காரைப் பற்றியே இந்தக் காணொளி. பற்றரி ஓரளவு இறங்கிய கார் மங்கிய விளக்கையாவது காட்டும். முற்றிலும் இருள் என்றால், ஒன்றில் பற்றரி அடியோடு வற்றிவிட்டது, அல்லது மின்சாரம் வழியில் எங்கோ தடைப்பட்டு நிற்கிறது. இந்த இரண்டில் எது என்று தெரியாமல் புதிய பற்றரிக்குப் பணம் கொடுத்துவிடாதீர்கள்.

என் அக்காவின் கார் மரைன் டிரைவ் பக்கம், உப்புக் காற்று நேரே வந்து அடிக்கும் திறந்த இடத்தில் நிற்பது. ஒரு நாள் காலையில் அது இப்படித்தான் அசைவற்றுப் போனது. பார்க்க வந்தவர் மீற்றர் வைக்காமலே பற்றரி முடிந்துவிட்டது என்றார். புதியதைப் பூட்டியதும் கார் உடனே ஸ்டார்ட் ஆனது. மூன்றாவது வாரம் மறுபடியும் அதே இருள். பழைய பற்றரியில் பிழை எதுவும் இருக்கவில்லை. அதைக் கழற்றிப் புதியதைப் பூட்டியபோது, வயரைப் பற்றரி முனையில் கவ்விப் பிடிக்கும் கிளாம்பின் உட்புறத்தில் படிந்திருந்த கறை சிறிது உராய்ந்து விலகியதால்தான் அந்த மூன்று வாரமும் கார் ஓடியது. பற்றரி மாற்றியதும் சரியாகிவிட்டது என்று நாம் நம்பும் பல வேளைகளில் நடப்பது இதுவே என்பது என் எண்ணம்.

மின்சாரம் போகும் பாதையை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். பொசிற்றிவ் முனையிலிருந்து தடித்த வயர் மெயின் பியூசுக்கும், அங்கிருந்து பியூஸ் பெட்டிக்கும், பின்னர் இக்னிஷன் சுவிட்சுக்கும் செல்கிறது. திரும்பி வரும் வழி காரின் இரும்பு உடல். அது எர்த் வயர் மூலம் நெகற்றிவ் முனையில் வந்து சேர்கிறது. பெரும்பாலான கார்களில் ஹோர்ன், ஹஸார்ட், உட்கூரை விளக்கு ஆகியவை திறப்பு இல்லாமலே வேலை செய்யும். ஆகவே முதலில் ஹோர்னை அழுத்துங்கள். அது உரக்க ஒலித்தால் இக்னிஷன் சுவிட்சையோ அதற்குரிய பியூசையோ சந்தேகிக்கலாம். ஒலிக்காவிட்டால் பற்றரியிடம் போக வேண்டும். பிரியஸ், அக்குவா போன்ற ஹைபிரிட் கார்கள் பலவற்றில் 12 வோல்ற் பற்றரி பின்பக்கத்தில் இருக்கும். அங்கே செம்மஞ்சள் நிறக் கேபிள் எதையும் தொடவே கூடாது.

[காட்சி: மல்டிமீற்றரின் திரை, அண்மையில்.]

மீற்றரின் இரு முனைகளையும் கிளாம்பின் மேல் வைக்காமல் பற்றரியின் ஈயக் குமிழ்களின் (பொசிற்றிவ், நெகற்றிவ் முனைகளின்) மேலேயே வையுங்கள். 12.6 வோல்ற் என்றால் முழுச் சார்ஜ், 12.4 என்றால் ஏறத்தாழ முக்கால் பங்கு, 12.0 என்றால் அநேகமாக வெறுமை. 3 அல்லது 4 வோல்ற் மட்டுமே காட்டினால், விளக்கு ஏதாவது இரவு முழுவதும் எரிந்ததா என்று விசாரித்துவிட்டுச் சார்ஜ் ஏற்றிப் பாருங்கள்.

12.6 வோல்ற் இருந்தும் கார் இருண்டு கிடந்தால், இனிச் சொல்லும் சோதனையை அவசரமின்றிச் செய்யுங்கள். மீற்றர் எடுக்கும் மின்னோட்டம் மிக அற்பமானது. தலைமுடி அளவு தொடுகை இருந்தாலும் அது முழு வோல்ற்றளவையும் காட்டிவிடும். 21 வாற் பல்ப் ஒன்றுக்கோ ஏறக்குறைய 1.75 அம்பியர் தேவை. அதனால் சுமை இருக்கும்போதுதான், அதாவது விளக்கு போன்ற ஏதாவது மின்சாரத்தை இழுக்கும்போதுதான், அளக்க வேண்டும். சிவப்பு முனையைப் பொசிற்றிவ் குமிழிலும், கறுப்பு முனையை அதே குமிழைக் கவ்வியிருக்கும் கிளாம்பிலும் வைத்துக்கொண்டு, இன்னொருவரிடம் திறப்பைத் திருப்பச் சொல்லுங்கள். ஒன்றையொன்று தொட்டுக்கொண்டிருக்கும் இரண்டு உலோகங்கள். மீற்றர் பூச்சியத்தை ஒட்டியே நிற்க வேண்டும். அக்காவின் காரில் அது 11.8 காட்டியது. பற்றரி கொடுத்ததில் பெரும்பகுதி அந்தக் கண்ணுக்குத் தெரியாத இடுக்கிலேயே நின்றுவிட்டது.

[காட்சி: கழற்றிய கிளாம்ப். வெளியே வெண்பச்சைத் தூள், உள்ளே கருமையான படலம்.]

கழற்றும்போது நெகற்றிவ் கிளாம்பையே முதலில் கழற்ற வேண்டும். பொசிற்றிவை முதலில் தொட்டால், ஸ்பனர் காரின் உடலில் பட்ட கணமே ஷோர்ட் ஆகிவிடும். ஜப்பானியக் கார்கள் பலவற்றுக்கு 10 மில்லிமீற்றர் ஸ்பனர் போதும். வெந்நீரில் அப்பச்சோடாவைக் கரைத்துத் தூளைக் கழுவலாம், ஆனால் ஒரு துளியும் பற்றரியின் உள்ளே போகக் கூடாது. வெளியே தெரியும் தூளைவிட உள்ளே இருக்கும் கரும்படலமே ஆபத்தானது. ஈயம் பளபளக்கும் வரை அதைத் தேயுங்கள். பூட்டும்போது பொசிற்றிவ் முதலில், நெகற்றிவ் கடைசியில். இறுக்கிய பின்னர் மேலே சிறிது வாசலின் பூசிவிட்டால் உப்புக் காற்று எளிதில் அண்டாது.

இதே சோதனையை நெகற்றிவ் குமிழுக்கும் காரின் உடலுக்கும் இடையே செய்யும்போது 0.2 வோல்ற்றுக்கு மேல் காட்டினால், எர்த் வயர் பூட்டிய இடத்தில் துருவைத் தேடுங்கள்.

மெயின் பியூஸ் எரிந்திருந்தால், இன்னொரு பற்றரியிலிருந்து மின்சாரம் எடுக்கும் ஜம்பர் கேபிள் பொசிற்றிவ், நெகற்றிவ் மாறிப் பூட்டப்பட்டதா என்று முதலில் கேளுங்கள். பழையதைக் கையில் கொண்டு கொழும்பில் வாகன உதிரிப்பாகங்கள் விற்கும் பஞ்சிகாவத்தைக்குப் போய் அதே அம்பியரில் வாங்குங்கள். பியூசுக்குப் பதிலாக வயர்த் துண்டு வைக்கச் சொல்பவர் எவராயினும் கேட்காதீர்கள்; அடுத்த முறை எரியப்போவது வயறிங்.

மிஞ்சியது இக்னிஷன் சுவிட்ச். அதற்கு வரும் வயரில் 12 வோல்ற் இருந்து, திறப்பைத் திருப்பிய பின்னும் வெளியேறும் வயரில் எதுவும் இல்லாவிட்டால், உள்ளே தொடுகை தேய்ந்துவிட்டது. திறப்பை லேசாக அசைக்கும்போது டாஷ்போர்ட் விளக்குகள் வந்து வந்து போனாலும் அதே கோளாறுதான். அந்தக் காரை அன்றைக்கு வீதியில் எடுக்காதீர்கள், ஏனெனில் அதே தொடுகை காலி நகருக்குச் செல்லும் வீதியில், பஸ்களுக்கு நடுவே ஓடிக்கொண்டிருக்கும்போதும் விடுபட்டு எஞ்சினை நிறுத்திவிடலாம்.